கொட்டாவி விட்டவரும் கத்தினவளும்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து கிளம்பியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்களாகக் கண்டுபிடித்து என் சட்டையைப் பிடிக்க வேண்டாம். பொய் என்னுடையது அல்ல. ஒரு டீ-சர்ட்டினுடையது.

போன ஆடியில், குற்றாலத்தில் சாரல் சன்னமாக விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிர் மேசையில் ஏழெட்டு ஆண்கள். அருவியில் நனைந்த ஈரத்தலை, எல்லோருக்கும் கருப்பு டீ-சர்ட். அதில் ஒரு ஆள் மைக்கைப் பிடித்தபடி கண்ணை மூடி, கடைவாய்ப்பல் தெரிய வாயைப் பிளந்து நிற்கிறார். கீழே ‘ஆணி – இரும்புக் கல்லறை’ என்று ரத்தம் சொட்டுகிற எழுத்து. ஏதோ பல் ஆஸ்பத்திரி விளம்பரம் என்று நினைத்து, ‘இது எங்கன இருக்கு தம்பி?’ என்று கேட்டுத் தொலைத்தேன். எனக்கு அப்போது சொத்தைப்பல் இருந்தது.

பதில் சொன்னவன் மசூது. கடையநல்லூர்க்காரன், சார்ஜாவில் ஏசி மெக்கானிக், நாற்பதைத் தொடப்போகிறவன். வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கிற லீவைப் பெருநாளுக்கு எடுக்காமல் சாரல் சீசனுக்கு எடுக்கிற ஆள். அதற்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வதையும் அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

‘ஆணி’ தென்காசியில் இருந்த இசைக்குழுவாம். 2006-இல் ‘இரும்புக் கல்லறை’ என்று ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்துபோனதாம். கோதிக் இண்டஸ்ட்ரியல் மெட்டல் என்று அந்த வகைக்குப் பெயராம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சுடுகாட்டையும் லேத்துப் பட்டறையையும் ஒரே கிரைண்டரில் போட்டு, உளுந்து சேர்க்காமல் ஆட்டினால் வருகிற சத்தம். மசூது அதை இணையத்தில் ஏற்றிவிட்டான். ஊரில் ஒருத்தரும் சீண்டவில்லை. பின்லாந்தில் நாலு பேர் கேட்டார்கள், பிரேசிலில் கேட்டார்கள், ராயகிரியில் ஒருத்தன் கேட்டான். பின்லாந்துக்காரர் ஒருவர் முதுகில் அதன் பெயரைத் தமிழிலேயே பச்சை குத்தியிருக்கிறாராம், தலைகீழாக. அன்றிலிருந்து ஆடிக்கு ஆடி ரசிகர்கள் குற்றாலத்தில் கூடுகிறார்கள். அடுத்த ஆல்பம் வரவேயில்லை என்பதைப் பற்றி ஒருத்தருக்கும் வருத்தமில்லை.

‘அந்தக் கொரலு மனுசக் கொரலே இல்லண்ணாச்சி,’ என்றான் மசூது. ‘எங்க வாப்பா மௌத்தானப்ப ஊருக்கு வர முடியல. அழுகையும் வரல. ரூம்ல கம்பளியப் போத்திக்கிட்டு இதத்தான் போட்டுக் கேட்டேன். எனக்குப் பதிலா அது அழுதுச்சு.’

சொல்லிவிட்டுச் சால்னா கேட்டான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஆட்டோ மைக்கோடு போனது. ‘அன்பார்ந்த பொதுமக்களே! நயம் ஏலக்காய், நயம் கிராம்பு, வாங்க, வந்து பாருங்க, மனநிறைவோட போங்க!’ தேன் ஒழுகுகிற பெண் குரல். மசூது முகத்தைச் சுளித்தான். ‘இந்தப் பொம்பள சீசன் முடியுற வரைக்கும் வாய மூடமாட்டா.’

அந்த இரண்டு குரலும் ஒரே தொண்டையிலிருந்து வந்தவை. எனக்கு இது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. உங்களிடம் இப்போதே சொல்லிவிட்டேன். இதில் மர்மம் ஒன்றும் வைக்கப்போவதில்லை. அதற்கு எனக்குச் சாமர்த்தியமும் போதாது.

(மறுநாள் மண்டபத்தில் விழா, வாங்க அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். பல்வலி. போகவில்லை. அந்தப் பல்லை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: ‘தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டின் மீது மேகங்கள் கவிந்திருந்தன. எப்சிபாவின் நெஞ்சிலும்—’ [வேண்டாம். நெஞ்சில் மேகம் கவியவிடுகிறவர்கள் ஏற்கெனவே ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.]

இரண்டாம் தொடக்கம்: ‘அவள் சாதுவான பெண். ஆனால் அவளுக்குள் ஒரு மிருகம்—’ [இதை எப்சிபாவிடமே படித்துக் காட்டினேன். ‘மிருகமா? காலையில தின்ன நாலு இட்லிதான் உள்ள கெடக்கு,’ என்றாள்.]

மூன்றாவதாக, நேராகவே சொல்கிறேன்.

எப்சிபாவுக்கு நாற்பது வயது ஆகிறது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், சைக்கிள் கடைக்கு மாடியில் ஒரு ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறாள். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும். ஜவுளிக்கடை, கோயில் கொடைவிழா, காதுகுத்து, காணாமல் போன ஆடு, இறந்துபோன பெரியவர், எதுவானாலும் ஆட்டோவில் கட்டி ஊரைச் சுற்றுகிற மைக்கில் பேசுவது எப்சிபாதான். ஆலங்குளம் வரை அவள் குரல் போகும். துக்கச் செய்திக்கு மட்டும் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுவாள். அது ஒரு மரியாதை என்கிறாள்.

நான் போனது என் மச்சினனின் செருப்புக்கடைத் திறப்புக்கு ஒரு விளம்பரம் பதிவு செய்ய. காத்திருந்த நேரத்தில் பொழுது போகாமல், குற்றாலத்தில் பார்த்த கருப்பு டீ-சர்ட் கூட்டத்தைப் பற்றிக் கேலியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரப் பயல்கள், கத்தலைப் பாட்டென்று சொல்கிறார்கள், அப்படி இப்படி. எப்சிபா மின்விசிறியை நிறுத்தினாள்.

‘அவங்கள அப்படிச் சொல்லாதீங்க அண்ணாச்சி,’ என்றாள். ‘அதக் கத்துனது நாந்தான்.’

கேலி செய்ததால் கிடைத்த கதை இது. மரியாதையாகப் பேசியிருந்தால் செருப்புக்கடை விளம்பரத்தோடு வந்திருப்பேன்.

அவள் சொன்னது இது. அவளோடு காலேஜில் படித்த பாண்டியராஜின் அப்பாவுக்கு மர அறுப்பு மில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு. பாண்டியராஜும் இன்னும் இரண்டு பேரும் கிதாரையும் கம்ப்யூட்டரையும் அங்கே கொண்டுபோய், வாள் ஓடுகிற சத்தத்தைப் பதிவு செய்து அதன் மேல் பாட்டுக் கட்டினார்கள். பாடத்தான் ஆளில்லை. பாண்டியராஜ் முயன்று பார்த்தான். பூனைக்கு வாலில் மிதி விழுந்தது போலிருந்தது. பாட்டு எழுதிக் கொடுக்க வந்த எப்சிபா, ‘ஏல, இப்படில்லா கத்தணும்,’ என்று ஒருதடவை கத்திக் காட்டினாள். மில் காவலாளி வேட்டியை வாரிச் சுருட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவிட்டார்.

எப்சிபாவின் அப்பா சபை உபதேசியார். அவள் கோயில் பாடகர் குழுவில் முதல் வரிசை. ஞாயிறு சாயங்காலம் பாட்டுப் பயிற்சிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் மில்லுக்கு வந்துகொண்டிருந்தாள். அதனால் ஆல்பத்தில் தன் பெயர் வரக்கூடாது என்று அவளே கேட்டுக்கொண்டாள். கிதார், டிரம்ஸ், கீபோர்டு, எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. குரல் என்ற இடத்தில் ஒரு சிலுவை மட்டும்.*

* ரசிகர்கள் இந்தச் சிலுவையைப் பற்றி இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். மரணம், துறவு, கடவுள் மறுப்பு. உண்மையில் அந்த இடத்தை வெறுமனே விட்டால் அச்சகத்துக்காரர் தன் அச்சகப் பெயரைப் போட்டுவிடுவார் என்று பயந்து போட்டது.

அட்டைப்படம் எடுத்த நாளில் எல்லோரும் பிரியாணி தின்றிருந்தார்கள். பாண்டியராஜ் மைக்கைப் பிடித்தபடி கொட்டாவி விட்டான். அந்த நேரத்தில் கேமரா க்ளிக்கிவிட்டது. அவ்வளவுதான். அந்தக் கொட்டாவிதான் இன்றைக்கு டீ-சர்ட்டில் இருக்கிறது. குரல் அவனுடையது என்று பாண்டியராஜ் ஒருநாளும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. பத்தொன்பது வருஷம் அந்த இரண்டுக்கும் நடுவில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தான்.

3

விழாவுக்கு முந்தின நாள், அதாவது நான் பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருந்த அதே நாள் காலை, பாண்டியராஜ் எப்சிபாவின் மாடிக்கு ஏறி வந்தான். இப்போது அவனுக்குக் குற்றாலத்தில் லாட்ஜ். வயிறு அவனுக்கு முன்னால் உள்ளே வந்தது.

‘ஏட்டி எப்சி, ஒரு ஒதவி செய்யணும்.’

‘என்னல, லாட்ஜுக்கு விளம்பரமா?’

‘இல்லட்டி. பயலுவ கல்யாண மண்டபத்தப் புடிச்சிட்டானுவ. ஆடியில கல்யாணம் கெடயாதுல்லா, மண்டபம் சும்மாதான கெடக்கு. நாளைக்கி நான் மேடையில ஏறிப் பாடணுமாம். மாட்டேன்னா விடமாட்டேங்கானுவ.’

‘பாடேன்.’

‘வெளயாடாத. என் கொரலப் பத்தி ஒனக்குத் தெரியாதா?’ அவனுக்கு வேர்த்திருந்தது. ‘மேடைக்குப் பின்னால மணமகள் அறை இருக்கு. மைக் ஒயர கதவுக்கு அடியில விட்டு இழுத்துருதேன். நீ உள்ள இருந்து கத்து. நான் வெளிய வாயத் தொறந்துட்டு நிக்கேன்.’

‘மறுபடியும் கொட்டாவியா?’

‘அதேதான்னு வச்சுக்கோ.’

‘வீடியோ எடுப்பாவளா?’

‘பின்லாந்துக்காரன் நேரலையில பாக்கான்.’

எப்சிபா மனசுக்குள் கணக்குப் போட்டாள். பெயரை மறைக்கச் சொன்ன காரணம், அவள் அப்பா, ஐந்து வருஷத்துக்கு முன்பே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். இனி அவளைத் திட்ட ஆளில்லை. கணவர் பிரின்ஸுக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் ஒருதடவை கத்திக் காட்டினாள். அவர் தைலம் எடுத்துவந்தார். ஆக, மறைக்கக் காரணம் ஒன்றுமில்லை. ஆனால் நாளைக்கு அவள் கதவுக்குப் பின்னாலிருந்து கத்திவிட்டால், அது படமாகி, சாட்சியாகி, ஆயுசுக்கும் அந்தக் குரல் பாண்டியராஜுடையது என்று முடிந்துவிடும். இதுவரை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நாளை அவளே எடுத்துக் கொடுப்பதாக ஆகும். இது அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

‘வாரேன்,’ என்றாள்.

3 (மறுபடியும்)

இந்த இடத்தில் நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். ஏன் ‘வாரேன்’ என்றாள்? கதைக்காரனாகப் பார்த்தால் அவள் அவன் கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும். பாண்டியராஜையாவது கொஞ்சம் அயோக்கியனாக எழுதலாம் என்று பார்த்தேன். ‘அவன் கண்களில் நரித்தனம்—’ [அடித்துவிட்டேன். நரித்தனமெல்லாம் இல்லை. போகும்போது மாடிப்படியில் நின்று, ‘ஏட்டி, எனக்கு வெக்கமாத்தான் இருக்கு,’ என்றானாம். வெட்கப்படுகிறவனை எப்படி வில்லனாக்குவது? எழுதுகிறவனுக்கு இவ்வளவு தொந்தரவு கொடுக்கிற ஆட்களை நான் பார்த்ததில்லை.]

எப்சிபாவிடமே கேட்டேன்.

‘அவங்கள ஒரு தடவ பாக்கணும்ல அண்ணாச்சி,’ என்றாள். ‘கம்ப்யூட்டர்ல எழுதுததையெல்லாம் படிச்சிருக்கேன். ராயகிரியில ஒரு பையன், பரிச்சையில தோத்து செத்துருவோம்னு நெனச்சப்ப இதக் கேட்டுட்டு எந்திரிச்சு பல்லு வெளக்கப் போனேன்னு எழுதியிருந்தான். பல்லு வெளக்கப் போனேன்னு! எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல. அவன் மொகத்தப் பாக்காம நான் எப்படிச் சாவேன்?’

4

மண்டபத்துப் பொறுப்பாளர் பிச்சையாவுக்கு என்ன விசேஷம் என்றே விளங்கவில்லை. கருப்புச் சட்டையாக வந்து இறங்குகிறார்கள், மேளம் இல்லை, வாழைமரம் இல்லை. ‘காதுகுத்தா தம்பி?’ என்று கேட்டிருக்கிறார். ‘கிட்டத்தட்ட அதான் பெரியவரே,’ என்றானாம் மசூது.

காலை பத்து மணிக்கே எப்சிபா மணமகள் அறைக்குள் போய்விட்டாள். பெரிய நிலைக்கண்ணாடி, அதில் யாரோ ஒட்டிவைத்த பொட்டுகள், மூலையில் தண்ணீர் கேன், மேசையில் ஒரு பொன்னாடை. கதவுக்கு முன்னால் பாண்டியராஜின் கொட்டாவியை ஆளுயரத்துக்கு மேல் பெரிதாக்கி ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். கதவை ஒரு சாண் திறந்து, ஃபிளெக்ஸின் ஓரத்துச் சந்து வழியாகக் கூட்டத்தைப் பார்த்தாள்.

அறுபது எழுபது பேர் இருக்கும். சிலருக்கு முடி கொட்டிவிட்டது. சிலருக்கு டீ-சர்ட் தொப்பையில் இழுத்துப் பிடித்து, கொட்டாவி இன்னும் அகலமாகியிருந்தது. ஒருவர் மடியில் குழந்தையை வைத்து, அதன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தார். ராயகிரிப் பையன் யாரென்று தெரியவில்லை. எல்லோரும் பல் விளக்கினவர்களாகவே தெரிந்தார்கள்.

மில் வாள் சத்தம் ஸ்பீக்கரில் கிளம்பியது. பாண்டியராஜ் மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, கண்ணை மூடி, வாயைத் திறந்தான். எப்சிபா அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்.

[இந்தக் குரலை வர்ணிக்க ஏழு தடவை முயன்றேன். ‘பூமி பிளந்தது போல’ – பொய். ‘நூறு யானை’ – யானைக்கு அப்படிக் கத்த வராது. தாளில் சத்தம் வராது என்பதை ஒப்புக்கொண்டு நகர்கிறேன்.]

பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறமும் குரல் இருந்தது. அது அவளுக்கே ஆச்சரியம். ஆனால் இரண்டாவது வரியிலேயே அதைவிடப் பெரிய சத்தம் ஒன்று வந்தது. மண்டபம் முழுக்கச் சேர்ந்து கத்தியது. அவள் எழுதின ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்கு மனப்பாடம். அவளுக்கே மறந்துபோன ஒரு சொல்லைக்கூட அவர்கள் மறக்கவில்லை.

பாட்டின் நடுவில் ஒரு இடம் வந்தது. கூட்டம் சட்டென்று நிறுத்தி, எல்லோரும் ஒரே நேரத்தில் இருமினார்கள். இரண்டு தடவை. அறுபது பேர், கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பயபக்தியோடு.

எப்சிபாவுக்கு முதலில் என்னவென்றே புரியவில்லை. அப்புறம் ஞாபகம் வந்தது. மில்லில் பாடும்போது மரத்தூள் தொண்டையில் போய் அவள் இருமியிருந்தாள். மறுபடி பாடுவதற்குள் கரண்ட் போய்விட்டது, அப்படியே விட்டுவிட்டார்கள். மரத்தூள் தின்ற ஒரு பெண்ணின் இருமலை, பாட்டின் உயிர்நாடி என்று நினைத்து, ராத்திரி பகலாகக் கேட்டுப் பழகி, பெண்டாட்டி பிள்ளைகளிடம் திட்டு வாங்கிப் பழகி, அந்த அளவு மாறாமல் இருமுகிறார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் பாட முடியவில்லை. மைக்கை மடியில் போட்டுவிட்டாள்.

குரல் நின்றுபோனது ஒருத்தருக்கும் தெரியவில்லை. பாண்டியராஜுக்குக்கூடத் தெரியவில்லை, அவன் பாட்டுக்கு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். பாட்டு அவளில்லாமலே போய்க்கொண்டிருந்தது. நன்றாகவும் இருந்தது.

5

பாட்டு முடிந்து கைத்தட்டல் அடங்குவதற்குள் மணமகள் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு மசூது வந்தான். பொன்னாடையை எடுக்க வந்தவன். முகமெல்லாம் கண்ணீர், மூக்கிலும் ஒழுகிக்கொண்டிருந்தது. மடியில் மைக்கோடு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, மைக் செட்டு ஆள் என்று நினைத்துக்கொண்டான்.

‘அக்கா, சவுண்டு அருமையா வச்சிருந்தீங்க,’ என்றான். பொன்னாடையை எடுத்தவன் நின்றான். இவ்வளவு சந்தோஷத்தில் இருக்கிறவன் யாரிடமாவது பேசாமல் போக முடியாது. ‘ஒங்களுக்கு இந்தப் பாட்டெல்லாம் புடிக்குமாக்கா?’

‘புடிக்கும்,’ என்றாள் எப்சிபா. ‘நாந்தான் தம்பி பாடுனேன்.’

மசூது சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. தெரிந்தவர் கல்யாணத்தில் ஒரு நல்ல ஜோக்குக்குச் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

‘அப்படியா! எங்க, ஒரு தடவ பாடிக் காட்டுங்க பாப்போம்.’

இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

சும்மா இருக்கவில்லை, மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

(அ) எப்சிபா எழுந்து நின்று கத்துகிறாள். நிலைக்கண்ணாடி விரிசல் விடுகிறது. மசூது மண்டியிடுகிறான். [எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்துவிட்டது.]

(ஆ) எப்சிபா, ‘சும்மா சொன்னேன் தம்பி,’ என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் தென்காசிக்குத் திரும்புகிறாள். பின்னணியில் சாரல். [கேவலம்.]

(இ) மேடையில் பாண்டியராஜ் மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்லி அழுகிறான். [அவனுக்கு எதற்கு இன்னொரு தடவை மைக்?]

மூன்றையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். எப்சிபா அன்றைக்கு ஒரு காதுகுத்து விளம்பரம் பதிவு செய்துகொண்டிருந்தாள். முடித்துவிட்டுப் படித்தாள். முதல் முடிவை இரண்டு தடவை படித்தாள்.

‘இதுதான நடந்துச்சு?’ என்றேன் ஆசையாக.

தாளைக் கீழே வைத்தாள். கோபம் வந்துவிட்டது என்பது மூக்கு விடைத்ததில் தெரிந்தது.

‘பாண்டியராசுட்ட இத்தன வருசத்துல ஒருத்தனாவது “எங்க, பாடிக் காட்டு”ன்னு கேட்டானா அண்ணாச்சி? மேடையில ஏத்துறதுக்கு முன்னாலகூடக் கேக்கல. கொட்டாவி விட்ட படம் போதும்னு ஒத்துக்கிட்டாவ. நான் வாயால சொல்லுதேன், எனக்கு மட்டும் ஏன் பாடிக் காட்டணும்? அந்தத் தம்பி நல்லவரு. அவர்ட்ட எனக்குக் கோவமே இல்ல. நீங்கதான சொன்னீங்க, அவுக வாப்பாவுக்காக அவரு கேட்ட சத்தம் என் சத்தம். அதனாலதான் கேக்கேன். அவரு என்னைய நம்பக் கூடாதா?’

‘அப்போ நீங்க பாடிக் காட்டலயா?’

‘சொல்லமாட்டேன்.’

‘மசூது கடைசில நம்புனானா?’

‘அதுவும் சொல்லமாட்டேன். நீங்க எழுதுங்க. படிக்கவங்களுக்கு இஷ்டம் இருந்தா நம்பட்டும்.’

மசூதின் நம்பர் என்னிடம் இருக்கிறது. போன் போட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். இரண்டு தடவை எடுத்து, இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். போட்டால் நானும் அவளிடம் பாடிக் காட்டு என்று கேட்டவனாகிவிடுவேன்.

ஆகவே கதை அங்கேயே நிற்கிறது. வெளியே கூட்டம் பாண்டியராஜின் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. மசூது கையில் பொன்னாடையோடு, சிரித்த வாய் இன்னும் மூடாமல், அவள் பாடிக் காட்டுவாள் என்று காத்திருக்கிறான். எப்சிபா வாயைத் திறக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நீங்களும் அவள் குரலை ஒருதடவைகூடக் கேட்டதில்லை. இருந்தும் முதல் பக்கத்திலேயே, ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்காமல் நம்பிவிட்டீர்கள். நான் சொன்னேன் என்பதற்காகவா, அவள் சொன்னாள் என்பதற்காகவா, அது எனக்குத் தெரியாது. எப்படியோ, அந்த அறையில் இப்போது அவளை நம்புகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். பொன்னாடையை யாருக்குப் போடுவது என்று அந்தத் தம்பியிடம் நீங்களே சொல்லுங்கள்.